மணி அடித்த இடம்

அவளுக்குக் கடுகு என்று பெயர் வைத்தது கூட வேலை செய்யும் பெண்கள்தான். ஆள் சிறிசு, சூடு பட்டால் வெடிப்பாள். பேருந்து இருக்கைகளுக்கு உறை தைக்கும் பட்டறையில் சன்னலோரத் தையல் மிஷின் அவளுடையது. நாள் முழுவதும் ரெக்ஸினோடு மல்லுக்கட்டி விரல் நுனியெல்லாம் காய்த்துப் போயிருந்தது. மேஸ்திரி வந்து, "ஏம்மா, இந்த மடிப்பு கோணலா இருக்கே" என்று சொல்லிவிட்டால் போதும். "மடிப்பு நேராத்தான் இருக்கு, நீங்க கழுத்த நேரா வச்சிப் பாருங்க" என்பாள். இப்படிப் பேசுகிறவளை இன்னும் வேலையில் வைத்திருக்கிறார்களே என்றால், மடிப்பு உண்மையிலேயே நேராகத்தான் இருக்கும்.

கோபம் அவளுக்குக் கூடப் பிறந்தது. கணவன் ஜெயிலுக்குப் போன பிறகு அது தினமும் சாப்பிட்டுச் சாப்பிட்டுக் கொழுத்துப் போயிற்று. அவன் ஒன்றும் திருடன் இல்லை, ஒரு கிடங்கில் காவலாளி. கூடப் படித்தவன் ஒருத்தன் வந்து, "கொஞ்ச நேரம் கதவத் திறந்து விடுடா, மத்தத நான் பாத்துக்கறேன்" என்றான். இவன் திறந்துவிட்டான். வந்தவன் சொன்ன சொல் தவறாமல் மற்றதையெல்லாம் பார்த்துக்கொண்டான். சரக்கோடு கண்காணாமல் போய்விட்டான், கதவைத் திறந்தவன் கம்பி எண்ணுகிறான். "நட்புக்கு மரியாதை பண்ணாராம். பொண்டாட்டி பிள்ளைக்கு என்ன மரியாதைன்னு ஒரு நிமிஷம் யோசிச்சாரா அந்த மனுஷன்" என்று கடுகு கேட்காத ஆள் இல்லை. ஆனாலும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பார்வையாளர் நாளன்று, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு ஜெயில் வாசலில் போய் நிற்பாள். திட்டுவதற்காவது நேரில் பார்க்க வேண்டாமா?

மகள், அவன் உள்ளே போனபோது தவழ்ந்துகொண்டிருந்தவள். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள், எழுத்துக் கூட்டி வாசிக்கிறாள். அப்பா என்றால் அவளைப் பொறுத்தவரை கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் ஒரு ஆள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒரு ரிசீவர், அந்தப் பக்கம் ஒரு ரிசீவர். கடுகுதான் ரிசீவரைப் பிள்ளையின் காதில் வைத்துப் பிடித்திருப்பாள். அவன், "சாப்பிட்டியா? ஸ்கூலுக்குப் போறியா?" என்று கேட்பான். பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு தலையை ஆட்டும். வீட்டுக்கு வந்தால், "அடுத்த தடவையும் அவரப் பாக்கப் போகணுமா?" என்று கேட்கும். அவர். யாரோ வாடகைக்கு இருப்பவரைச் சொல்வது மாதிரி.

அந்தக் காத்திருப்புக் கூடத்தைப் பார்த்தவர்களுக்குப் பிள்ளையின் மேல் கோபம் வராது. தகரக் கூரை, சாய்மானம் இல்லாத பெஞ்சு, எப்போதாவது மனமிரங்கிச் சுற்றும் ஒரே ஒரு விசிறி. சுவர் முழுக்க இதைச் செய்யாதே, அதைக் கொண்டுவராதே என்று பலகைகள். காலையில் சீட்டு எழுதிக் கொடுத்தால் எப்போது கூப்பிடுவார்கள் என்று கடவுளுக்கும் தெரியாது. உள்வாசலில் ஒரு இரும்பு மணி தொங்கும். வார்டர் அதை அடித்தால் அடுத்த கூட்டம் போட்டது போட்டபடி எழுந்து ஓடவேண்டும். ஒரு நொடி தாமதித்தால் முறை போயிற்று, அன்றைக்கு அவ்வளவுதான். அதுவரை பிள்ளைகள் என்ன செய்யும்? ஓடும், விழும், அடித்துக்கொள்ளும், அழும். "ஏய், சத்தம் போடாதே" என்று வார்டர் போடும் சத்தத்தில் தூங்கிக்கொண்டிருந்த கைக்குழந்தையும் எழுந்து சேர்ந்துகொள்ளும்.

ஒருநாள் மகள் பெஞ்சுக் காலைக் கட்டிக்கொண்டு நகரமாட்டேன் என்றாள். "நான் வரல. இங்க நாறுது. எல்லாரும் கத்துறாங்க." மணி அடித்துவிட்டது. கடுகு பிள்ளையின் விரலை ஒவ்வொன்றாகப் பிய்த்து எடுத்துத் தூக்கிக்கொண்டு ஓடினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவன் வீங்கிய அந்த முகத்தைப் பார்த்தான். ரிசீவரை எடுத்தான்.

"இனிமே அவளக் கூட்டிட்டு வராத. எனக்குக் குடுத்த தண்டன எனக்கு மட்டும் போதும். அவளுக்கு எதுக்கு?"

"பெரிய தியாகி வந்துட்டாரு" என்றாள் கடுகு. "கதவத் திறந்து விடும்போது இந்த யோசன எங்க போச்சு? இப்ப அவ மறந்துட்டா, நாளைக்கு நீங்க வெளிய வந்து யார் வீட்டுக் கதவத் தட்டுவீங்க? யாரு நீங்கன்னு கேப்பா. நல்லாருக்குமா?"

அவன் ரிசீவரை வைத்த பிறகும் இவள் திட்டிக்கொண்டுதான் இருந்தாள்.

பேருந்தில் திரும்பும்போதுதான் அவளுக்குப் புத்தியில் உறைத்தது. பிள்ளைக்குப் பிடிக்காதது அப்பனை அல்ல, இந்தக் கூடத்தை. அரை நாள் நரகத்தில் உட்காரவைத்துவிட்டு, கால்மணி நேரம் சிரித்துப் பேசு என்றால் எந்தப் பிள்ளை பேசும்? மறு தடவை போனபோது ஜெயில் சூப்பிரண்டின் அறை வாசலில் நின்றுவிட்டாள். போகச் சொன்னார்கள், போகவில்லை. கடைசியில் அவரே வெளியே வந்தார்.

"சார், சத்தம் போடாத, சத்தம் போடாதன்னு உங்க ஆளுங்க தொண்ட கிழியக் கத்துறாங்க. அதுங்க கையில ஒரு புத்தகத்தக் குடுத்தா சத்தம் தானா நிக்கும். கூடத்து ஓரத்துல ஆபீசு மாடிப்படிக்குக் கீழ உடைஞ்ச பெஞ்சு போட்டு வச்சிருக்கீங்களே, அந்த இடத்தக் குடுங்க. ஒரு பைசா வேணாம்."

சூப்பிரண்டின் அறைச் சன்னல் அந்தக் கூடத்தைப் பார்த்தே திறந்திருந்தது. பார்வையாளர் நாளெல்லாம் அவருக்குத் தலைவலி நாள். சரி என்றார். சரி என்றதோடு விட்டாரா? புத்தகத்துக்குத் தடித்த அட்டை கூடாது, உள்ளே எதையாவது ஒளிப்பார்கள். ஸ்டேப்ளர் பின் கூடாது. பென்சில் கூடாது, கூர்மையான பொருள். மெத்தையை நாலு பக்கமும் மூடித் தைக்கக் கூடாது, கை விட்டுச் சோதிக்க வழி வேண்டும். பிள்ளைகள் படம் பார்க்க உட்காரும் இடத்துக்கு வெடிகுண்டுக் கிடங்குக்குப் போடுகிற சட்டமெல்லாம் போட்டார். கடுகு பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டாள். அவள் வாழ்நாளிலேயே வாயை மூடிக்கொண்டிருந்த நீண்ட நேரம் அதுதான்.

பட்டறையில் கழித்துப்போட்ட ரெக்ஸின் துண்டுகளையும் பழைய இருக்கைகளின் ஸ்பாஞ்சையும் மேஸ்திரியிடம் கேட்டு வாங்கினாள். "எடுத்துத் தொல. ஆனா என் கழுத்தப் பத்தி இனிமே பேசக் கூடாது" என்றார் அவர். சிவப்பும் பச்சையுமாக மெத்தைகள் தைத்து, கை நுழைகிற மாதிரி பக்கத்தில் மடிப்பு வைத்தாள். கூட வேலை செய்யும் பெண்கள் அவரவர் வீட்டுப் பிள்ளைகள் படித்து முடித்த கதைப்புத்தகங்களைக் கொண்டுவந்து கொட்டினார்கள். கடுகு அட்டையைக் கிழித்தாள், பின்னை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தாள், இருக்கை தைக்கும் முரட்டு நூலால் புத்தகங்களை மிஷினில் போட்டுத் தைத்தாள். பேருந்து கவிழ்ந்தாலும் அந்தத் தையல் பிரியாது.

முதல் நாள் பிள்ளைகள் மெத்தையில் குதித்தன. இரண்டாம் தடவை, குதித்துக் களைத்து, உட்கார்ந்தன. அதற்கடுத்த தடவை கடுகு நிமிர்ந்து பார்த்தபோது கூடத்தில் விசிறிச் சத்தம் கேட்டது. மணி அடிக்கும் வார்டரே, ஏதோ தப்பு நடக்கிறது என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். சுருட்டை முடிப் பையன் ஒருத்தன் ஒரு குரங்குக் கதையை மூக்கில் இடிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டு படித்தான். மகளுக்குக் கிடைத்தது ஒரு ஆட்டின் கதை. அந்த ஆடு, தபால்காரர் அசந்த நேரத்தில் அவருடைய பையிலிருந்த கடிதங்களையெல்லாம் தின்றுவிடுகிறது. வயிற்றுக்குள் போன கடிதங்கள் சும்மா இருக்கவிடவில்லை. வேறு வழியில்லாமல் ஆடே வீடு வீடாகப் போய், உனக்கு இன்ன சேதி வந்திருக்கிறது என்று வாயால் சொல்கிறது. மகள் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, உதடு அசைய, இரண்டு வீடு தாண்டி மூன்றாம் வீட்டுக்கு வந்திருந்தாள். மணி அடித்தது.

"இன்னும் கொஞ்சம்மா."

"எந்திரிடி, முறை போயிடும்."

பிள்ளை புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டது. உள்ளே புத்தகம் எதையும் கொண்டுபோகக் கூடாது. வார்டர் வந்து வாங்கி மெத்தை மேல் எறிந்தார். பக்கம் புரண்டு மூடிக்கொண்டது. "இப்ப எங்க விட்டேன்னே தெரியாது" என்று பிள்ளை உதட்டைப் பிதுக்கியது. கடுகுக்கு உச்சந்தலையில் ஏறியது. ஆனால் சண்டை போட்டால் இருக்கிற இடமும் போய்விடும். அப்போதுதான் இடுப்புப் பையிலிருந்த தையல் சாக்பீஸ் துண்டு கையில் தட்டுப்பட்டது. பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. வேலை முடியும் சங்கு ஊதியதும் யாருடைய ஊசி எங்கே நின்றதோ அங்கே நீலச் சாக்பீஸால் ஒரு கோடு போடுவார்கள். ஆளுக்கொரு அடையாளம். மறுநாள் வந்து அந்த இடத்திலிருந்து பிடித்துக்கொள்வார்கள். கடுகு புத்தகத்தைப் புரட்டி, மகள் விரல் வைத்துக் காட்டிய இடத்தில், சின்னதாக ஒரு கோடு போட்டாள். "இது உன் கோடு. யாரும் அழிக்க மாட்டாங்க. வா."

அன்றைக்குக் கண்ணாடி முன்னால் உட்கார்ந்ததும் பிள்ளை எடுத்த எடுப்பில், "என்னப் படிக்க விடல" என்றது. தரையைப் பார்த்துத்தான் சொன்னது. ஆனால் சொன்னது.

"என்ன படிச்ச?" என்றான் அவன்.

கடுகு ரிசீவரைப் பிடித்திருக்க, ஆடு கடிதம் தின்ற கதையைப் பிள்ளை துண்டு துண்டாகச் சொல்லியது. மூன்றாம் வீட்டுக் கதவு சாத்தியிருக்கிறது, உள்ளே யாரோ இருமுகிறார்கள், ஆடு வெளியே நிற்கிறது. "அப்புறம்?" என்றான் அவன். "தெரியாது, மணி அடிச்சிட்டாங்க" என்றாள். அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கடுகு எத்தனையோ காலமாகப் பார்க்கவில்லை. பார்த்ததும் அதற்கும் கோபம் வந்தது, இதை இத்தனை நாளாக எங்கே ஒளித்துவைத்திருந்தான் என்று.

"அடுத்த தடவ படிச்சிட்டு வந்து சொல்லு. நான் அதுவரைக்கும் அந்தக் கதவையேதான் நெனச்சிக்கிட்டிருப்பேன்" என்றான்.

வெளியே வந்ததும் மற்ற பிள்ளைகளும் சாக்பீஸ் கேட்டன. கூர் இல்லை, இரும்பு இல்லை, வார்டரும் கண்டுகொள்ளவில்லை. ஒன்று வட்டம் போட்டது, ஒன்று பெருக்கல் குறி, சுருட்டை முடிப் பையன் மீன் வரைந்தான். இரண்டு வாரம் முழுக்க மகள், அந்த வீட்டுக்குள் இருமுவது யாராக இருக்கும் என்று கேட்டு அம்மாவின் காதைத் தின்றாள். பார்வையாளர் நாளன்று அவளே முதலில் எழுந்து செருப்பு மாட்டிக்கொண்டு நின்றாள். இப்படியே விட்டிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

அன்றைக்குப் போனால் மாடிப்படிக்குக் கீழே ஒன்றும் இல்லை. மெத்தை இல்லை, புத்தகம் இல்லை. உடைந்த பெஞ்சுகள் பழையபடி வந்து உட்கார்ந்திருந்தன. "சூப்பிரண்டு உன்னக் கூப்பிடறாரு" என்றார் வார்டர், கண்ணைப் பார்க்காமல்.

சூப்பிரண்டின் மேசை மேல் புத்தகங்கள் அடுக்கியிருந்தன. அவர் முன்னால் ஒரு வெள்ளைத் தாள்.

"இதெல்லாம் என்ன குறி? யாருக்கு யார் அனுப்பற சேதி?"

கடுகுக்கு விளங்கவில்லை. அவர் தாளை எடுத்து, துக்கச் செய்தி படிப்பதுபோல் படித்தார். சோதனையில் நீலக் குறிகளைக் கண்டுபிடித்தார்களாம். ஒவ்வொரு குறிக்கும் பக்கத்திலிருந்த வார்த்தையை வரிசையாக எழுதிப் பார்த்தார்களாம். "குரங்கு. ஏணி. மெதுவாக. இருட்டு. ஓடியது." படித்துவிட்டு நிமிர்ந்தார். "எவனோ ஒருத்தன் ராத்திரி ஏணி வச்சி மதில் ஏறப் போறான். யாரு அந்தக் குரங்கு?"

முதலில் அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. கதைப்புத்தகத்தைக் கட்டிக்கொண்டு ராத்திரி பகலாக மண்டையை உடைத்துக்கொண்ட அந்த அதிகாரிகள் மீசையோடும் தொப்பியோடும் கண்முன்னால் வந்தார்கள். அடுத்த கணமே, மூன்றாம் வீட்டு வாசலில் நிற்கும் ஆடும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் மகளும் ஞாபகம் வந்தார்கள். சிரிப்பு செத்துப்போயிற்று.

"குரங்கு யாருன்னு கேக்கறீங்களா சார்? வாழப்பழம் திங்கிற குரங்கு. அது ஏணியில ஏறும்போது உங்க ஆளு மணி அடிச்சாரு. பிள்ள கோடு போட்டுட்டு எந்திரிச்சி ஓடிச்சு. எந்திரிக்கலன்னா முறை போயிடும்ல? இந்த மீனப் பாருங்க. இது அந்த சுருட்ட முடிப் பையனோடது. அவன் 'இருட்டு'ங்கற வார்த்தையில நிக்கிறான். போன தடவ மணி அடிச்சதும் விட்டுட்டு ஓடினான். அந்தக் கதையில விடிஞ்சிச்சா இல்லையான்னு அவனுக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது." குரல் உடைந்தது. உடைந்ததற்காக இன்னும் கோபம் வந்தது. "இதுல ஒரு ரகசியமும் இல்ல சார். ஒவ்வொரு கோடும் நீங்க மணி அடிச்ச இடம்."

சூப்பிரண்டு தாளை மடித்தார். பிறகு விரித்தார். "நீ சொல்றது சரியாவே இருக்கட்டும். விதின்னு ஒண்ணு இருக்கும்மா. முழுசா சோதிச்சிட்டுத் திருப்பித் தருவோம்" என்றார்.

அன்றைக்குக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் முன்னாலேயே வந்து ரிசீவரோடு உட்கார்ந்திருந்தான். முகம் கழுவி, தலை வாரியிருந்தான். "கதவு திறந்திச்சா?" என்றான் ஆசையாக. பிள்ளை தரையைப் பார்த்தது. கடுகு நடந்ததைச் சொன்னாள். அவன் கேட்டுவிட்டு, "நான்தான் அப்பவே சொன்னேனே, அவள விட்டுடு" என்றான். திரும்பி வரும்போது மகள் பேருந்துச் சன்னலைப் பார்த்தபடி, "அடுத்த தடவ நான் வரல" என்றாள். கடுகு அன்று வீட்டில் கழுவிய பாத்திரமெல்லாம் நெளிந்தது.

அடுத்த பார்வையாளர் நாளன்று அவளைக் கெஞ்சி, மிரட்டி, கடைசியில் இழுத்துக்கொண்டுதான் போனாள். போனால், மாடிப்படிக்குக் கீழே மெத்தைகள் இருந்தன. புத்தகங்களும் இருந்தன. மணி அடிக்கும் வார்டர் பல்லெல்லாம் தெரிய நின்றார்.

"கொண்டாந்துட்டோம்ல. சும்மா இல்ல, நாங்களே உக்காந்து ஈரத்துணி வச்சி ஒவ்வொரு பக்கமா தொடச்சோம். ஒரு புள்ளி இருக்கா பாரு."

கடுகு ஒரு புத்தகத்தை எடுத்துப் புரட்டினாள். அடுத்ததை எடுத்தாள். வட்டம் இல்லை, மீன் இல்லை, அவள் போட்டுக் கொடுத்த கோடும் இல்லை. இந்த ஆளைத் திட்டவும் முடியவில்லை, நல்லது செய்துவிட்டதாக அல்லவா நினைத்துக்கொண்டு நிற்கிறார். பிடுங்கியபோது வந்த கோபத்தைவிட இது பெரிதாக வந்தது. சுற்றிலும் பிள்ளைகள் அவரவர் புத்தகத்தை வைத்துக்கொண்டு முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டிருந்தன. சுருட்டை முடிப் பையன் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, மீன் எங்காவது தெரிகிறதா என்று பார்த்தான்.

மகள் ஆட்டுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினாள். "எல்லா பக்கத்துலயும் ஆடு ஒரு வாசல்ல நிக்குதும்மா" என்றாள். "எதுல விட்டேன்?"

அது எந்தப் பக்கம் என்று கடுகுக்கும் தெரியவில்லை. முதல் எழுத்திலிருந்து கூட்டிக்கொண்டு வந்தால் பிள்ளை அந்த வாசலுக்கு வந்துசேர்வதற்குள் மணி அடித்துவிடும். அடித்தேவிட்டது. பிள்ளை புத்தகத்தைப் படக்கென்று மூடி மெத்தையில் வைத்தது. வைத்த வேகத்தைப் பார்த்து, இன்றைக்கு உள்ளே அழுகைதான் என்று கடுகு முடிவு கட்டிக்கொண்டாள். இதோடு சரி, அடுத்த முறை இழுத்துக்கொண்டு வரத் தனக்கும் தெம்பில்லை என்று நினைத்துக்கொண்டே நடந்தாள்.

கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து ரிசீவரை எடுத்தாள். பிள்ளையின் காதில் வைக்கப் போனாள். அதற்குள் பிள்ளை அதைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டது.

"எல்லாத்தையும் அழிச்சிட்டாங்க. நான் எங்க விட்டேன்?"

அவனுக்கு ஒரு மூச்சு விடக்கூட நேரம் தேவைப்படவில்லை. கண்ணாடியோடு முகத்தை ஒட்டிக்கொண்டு சொன்னான். அவன் உதடு அசைவதைக் கடுகு பார்த்தாள், பிள்ளையின் காதோரம் குனிந்து கேட்டாள்.

"மூணாவது வீடு. கதவு சாத்தியிருக்கு. உள்ள யாரோ இருமுறாங்க. ஆடு வெளிய காலு மாத்திக் காலு மாத்தி நிக்குது."

பிள்ளை தலையை நிமிர்த்தி அவனை நேராகப் பார்த்தது. புருவம் சுருங்கியது. "காலெல்லாம் மாத்தல. சும்மாதான் நிக்குது. நீங்களா எதுக்குச் சேக்கறீங்க?"

"ரொம்ப நாளா நிக்குதேம்மா" என்றான் அவன். "கால் வலிக்காதா?"

பிள்ளை அதை யோசித்தது. பிறகு, வலித்தால் உட்காரவேண்டியதுதானே என்றது. ஆடு உட்காராது, உட்கார்ந்தால் சேதியை மறந்துவிடும் என்றான் அவன். அப்படியெல்லாம் புத்தகத்தில் இல்லை என்று பிள்ளை சண்டைக்குப் போனது. இருமுவது தாத்தா என்றது, இல்லை தபால்காரரே என்றான். "அவரு எப்படி அந்த வீட்டுல இருப்பாரு? உங்களுக்கு ஒண்ணும் தெரியல" என்று பிள்ளை கண்ணாடியைத் தட்டிச் சொன்னது. கடுகுக்குப் பேச இடமே கிடைக்கவில்லை. திட்டுவதற்கென்று வீட்டிலிருந்து தயார் பண்ணிக்கொண்டு வந்ததெல்லாம் அப்படியே இருந்தது.

மணி அடித்தது. மற்றவர்கள் எழுந்தார்கள். வார்டர் பின்னால் வந்து நின்று, "நேரமாச்சு, வை வை" என்றார்.

பிள்ளை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "இருங்க, நாங்க பேசிக்கிட்டிருக்கோம்ல" என்றது. அச்சு அசல் அம்மாவின் குரல்.

வார்டர் கடுகைப் பார்த்தார், பிள்ளையைக் கொஞ்சம் அடக்கு என்பதுபோல. கடுகு இடுப்புப் பையில் சாக்பீஸ் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டு, அந்த அறைக் கூரையில் ஓடிக்கொண்டிருந்த விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.